தண்ணீரில் இருந்த புள்ளிகள்

அத்தானின் அழைப்பை அக்கா எடுக்க மாட்டாள். எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. திருகோணமலையில் எங்கள் கரையிலிருந்து தொழிலுக்குப் போகிற எல்லா வீடுகளிலும் அதே ஏற்பாடுதான். பின்னேரம் கடலுக்குப் போன போட்டுகள் மறுநாள் காலை திரும்பி வரும்போது, துறைமுக வாய்க்கு வெளியே தனியாக நிற்கிற ஒரு கல்லுக்குக் கிட்ட வந்ததும் போனில் சிக்னலின் முதல் கோடு விழும். அங்கே வைத்து வீட்டுக்கு ஒரு மிஸ் கோல். ஒன்று என்றால் வந்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். இரண்டு என்றால் மீன் இருக்கிறது, ஐஸ் பெட்டிக்காரரிடம் சொல்லி வை. மூன்று என்றால் ஆபத்து, உடனே போட் அனுப்பு. அந்தக் கல்லுக்கு முன்பு வேறு ஏதோ பெயர் இருந்திருக்க வேண்டும். போன் வந்த பிறகு கரையில் எல்லாருக்கும் அது மிஸ் கோல் கல்தான்.

அக்காவின் போன் குசினி யன்னல் கட்டையில் கிடக்கும். காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் அது அடிக்கும்போது அக்கா கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்பாள். அடித்து ஓய்ந்ததும், இன்னொரு தரம் அடிக்கிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பாள். பிறகு கேத்திலை அடுப்பில் வைப்பாள். எங்கள் வீடு லிங்கநகரில் இருந்தாலும் நான் பாதி நாள் அக்கா வீட்டில்தான் கிடந்தேன். பதினேழு வயதில் ஒருநாள், அக்கா கிணற்றடியில் நின்ற நேரம், போன் அடிக்க நான் அவசரப்பட்டு எடுத்து "ஹலோ" என்றுவிட்டேன். மறுபக்கத்தில் அத்தானிடமிருந்து சத்தமே இல்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று அந்த மனிதர் யோசித்து வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் அவர் என்னை ஹலோ என்றே கூப்பிட்டார். ஹலோ சாப்பிட்டாச்சோ, ஹலோவுக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ என்று கரையில் நாலு பேருக்கு முன்னால் கேட்டு என் மானத்தை வாங்கினார்.

அந்த ஹலோ படித்துப் பொறியியலாளராகிக் கொழும்பில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தான். என் வேலை என்ன என்று ஊரில் விளக்கிப் பார்த்துக் கைவிட்டேன். 'சிக்னல் வேலை' என்று அக்கா தானாகவே ஒரு பெயர் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து திருகோணமலையில் யாருடைய கோல் இடையில் அறுந்தாலும் பழி என் தலையில்தான். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கறிக் கையோடு தன் போனை நீட்டுவார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். டவரை நான் தோளிலயோ தூக்கிக்கொண்டு வந்தனான் என்று ஒரு பெரியவரிடம் எரிந்து விழுந்து, பிறகு அக்காவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து வந்த முறைப்பாடு மட்டும் நியாயமானது என்று எனக்கே தெரியும். துறைமுகப் பக்கத்து மேட்டில் எங்கள் டவர் ஒன்று நிற்கிறது. அதில் தெற்கே பார்த்தபடி இருக்கும் அண்டெனாவின் அலைக்குக் குறுக்கே வீடுமில்லை, மரமுமில்லை, வெறும் தண்ணீர்தான். அதனால் அது தன் எல்லையில் நிற்காமல் விரிகுடாவைத் தாண்டிக் கிண்ணியாவில் போய் விழும். அங்கே கடை வைத்திருப்பவரின் போன் பக்கத்தில் இருக்கிற டவரை விட்டுவிட்டு, அக்கரையில் இருக்கிறதைப் பிடித்துக்கொள்ளும். அவர் கதைத்துக்கொண்டே பாலத்தில் ஏறினால் கோல் அறுந்துவிடும். இதற்கு மருந்து, அண்டெனாவைக் கொஞ்சம் கீழே குனிய வைப்பது. எவ்வளவு குனிய வைப்பது என்பதுதான் பிரச்சினை. ஒரு பாகை கூடினால் இங்கே இடிக்கும், குறைந்தால் அங்கே இடிக்கும். நாங்கள் ஒரு வான் வண்டிக்குள் போன்களை அடுக்கிக்கொண்டு கண்டி வீதியில் கப்பல்துறை வரைக்கும் ஓடி அளப்போம். யாராவது டவரில் ஏறித் திருப்பிவிட்டு வருவார்கள். மறுபடியும் ஓடி அளப்போம். வான் ரோட்டில்தான் ஓடும் என்பதை அந்த நாட்களில் நான் யோசித்ததே இல்லை.

இந்த ஓட்டத்துக்கு ஒரு முடிவு கட்டலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. எந்த இடத்தில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் கதைக்கிறார்கள் என்ற பதிவு நிறுவனத்தின் கணினிகளில் ஏற்கெனவே கிடக்கிறது. அதைப் படித்து ஒரு மென்பொருள் தானே அண்டெனாவைத் தூரத்திலிருந்து நிமிர்த்தவும் குனியவும் வைத்தால்? செய்ததன் பலனைத் தானே பார்த்து, அடுத்த தரம் தன்னைத் திருத்திக்கொண்டால்? வேலைக்குப் போய்க்கொண்டே இதைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாக எடுத்தேன். மென்பொருளுக்கு எது நல்லது, எது கெட்டது என்று சொல்லிக்கொடுப்பதுதான் இதில் கடினமான பகுதி. அதிகம் கதைக்கிற இடத்துக்கு அதிக மதிப்பு என்று நான் வைத்தேன். கேட்பவர்கள் எல்லாரும் அது நியாயம்தானே என்றார்கள்.

பதிவுகளை வரைபடத்தில் போட்டால் ஒவ்வொரு கோலும் ஒரு புள்ளி. அலை போய்வர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறோம், அதனால் சில புள்ளிகள் கண்ட கண்ட இடத்திலும் விழும். தண்ணீரில் விழுகிறவற்றைப் பிழை என்று அழித்துவிடுவது எங்கள் வேலையில் வழக்கம். தண்ணீரில் நின்று யார் கோல் எடுக்கப்போகிறார்கள்? ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கொழும்பு அலுவலகத்தில், திருகோணமலை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைகள் என்றால் சிதறிக் கிடக்க வேண்டும். இந்தப் புள்ளிகள் துறைமுக வாய்க்கு வெளியே ஓர் இடத்தில் தொடங்கி வரிசையாக உள்ளே வந்தன. தட்டிப் பார்த்தேன். எல்லாம் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில். எதற்கும் பதில் இல்லை. பேசிய நேரம் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ் கோல் கல்! அந்தப் புள்ளிகளில் ஒன்று அத்தான். கையைக் கட்டிக்கொண்டு குசினியில் நிற்கிற அக்கா அதன் மறுமுனை. கொழும்பில் ஏசி அறைக்குள் இருந்துகொண்டு என் வீட்டுக் காலையைப் பார்க்கிறேனே என்று ஒரு நிமிடம் மனம் குளிர்ந்துபோனது உண்மை.

பிறகு அந்தப் புள்ளிகளுக்கும் கொஞ்சம் மதிப்புக் கொடுத்து மென்பொருளை ஓடவிட்டேன். கல்லுக்கும் அலை போவது அதே அண்டெனாவிலிருந்துதான், அது குனியவே மாட்டேன் என்றது. குனிந்தால் கல் போய்விடும், குனியாவிட்டால் கிண்ணியா சரிவராது. என் வரைபுகள் அசிங்கமாக வந்தன. கட்டுரையை அனுப்ப இரண்டு கிழமைதான் இருந்தது. அவர்கள் கதைப்பதே இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வைத்த கணக்கின்படி பூச்சியத்தின் மதிப்புப் பூச்சியம்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். கடல் முழுவதையும் ஒரு கோடு போட்டு வளைத்து அழித்தேன். ஒரு விசையைத் தட்டுகிற வேலை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியை கூர்மையானவர். கட்டுரையை வாசித்துவிட்டு, கடலில் இருந்த புள்ளிகள் எல்லாமே பிழைகள்தானா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, நீங்கள் அந்த ஊர்க்காரர், உங்களுக்குத் தெரியும்தானே என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். நான் அந்த ஊர்க்காரன் என்பதுதான் அன்று என் பொய்க்குச் சாட்சியாக நின்றது.

கட்டுரை பிடித்துப்போய், நிறுவனம் அதைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு நகரத்தைத் தேடியது. திருகோணமலை என்று நானே சொன்னேன். ஒரு மாதத்தில் கிண்ணியாவில் அறுந்துபோகும் கோல்கள் நன்றாகக் குறைந்தன. பாலத்தில் கதைத்துக்கொண்டே போகலாம் என்று அங்கிருந்து என் பழைய வகுப்புத் தோழன் போன் எடுத்து வாழ்த்தினான். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அந்தக் கிழமைதான் அக்கா போன் எடுத்தாள். அத்தானின் மிஸ் கோல் வருவதில்லையாம். பக்கத்து வீடுகளுக்கும் வருவதில்லையாம். துறைமுகத்துக்குள்ளே நன்றாக வந்த பிறகுதான் கோடு விழுகிறதாம். காலையில் கரைக்குப் போய் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அத்தானின் போன் பழசு, உப்புக் காற்றில் பழுதாகியிருக்கும் என்று பூசி மெழுகினேன். மற்ற வீட்டுப் போன்களுமோ பழசு என்று அக்கா கேட்டாள். வெயில் காலத்தில் அலை கொஞ்சம் அப்படித்தான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இரண்டு நாளில் நல்ல புதுப் போன் ஒன்றை வாங்கி பஸ்ஸில் அனுப்பினேன். தண்ணீர் பட்டாலும் பழுதாகாது, மிஸ் கோல் கல்லடியில் கட்டாயம் வேலை செய்யும் என்று அத்தானுக்குச் சொல்லச் சொன்னேன். அவர் அதைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கடலுக்குக் கொண்டுபோனார். கோடு காட்டாத நாட்களில் எல்லாம், தனக்குத்தான் அதைப் பாவிக்கத் தெரியவில்லை என்று நினைத்தார்.

எஞ்சின் நின்றது ஒரு புதன்கிழமை காலை. கல்லுக்குக் கிட்ட. போட்டில் அத்தானும், அவரோடு வழக்கமாகப் போகிறவரும் மட்டும். மற்றப் போட்டுகள் முன்னதாகவே உள்ளே போய்விட்டன. கல்லடியில் எஞ்சின் நிற்பது புதிது இல்லை, மூன்று மிஸ் கோல் கொடுத்தால் இருபது நிமிடத்தில் கயிற்றோடு ஒரு போட் வந்துவிடும். அதனால் இரண்டு பேரும் பதறவில்லை. நங்கூரத்தைப் போட்டார்கள், அது அடியில் பாறையில் பிடிக்காமல் வழுக்கியது. கூட வந்தவர் துடுப்பை எடுத்தார். பொறு, இது புதுப் போன், இப்ப எடுத்துப்போடும் என்று அத்தான் அவரை நிற்பாட்டியிருக்கிறார். போட்டின் முன்பக்கம் அணியத்தில் ஏறி நின்று கையை உயர்த்திப் பிடித்து அடித்துப் பார்த்தார். பின்னால் வந்து அடித்துப் பார்த்தார். நீரோட்டம் அந்த நேரமெல்லாம் போட்டைக் கல்லை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓர் அலை தூக்கிப் போட்டபோது, கல்லில் மோதாமல் போட்டைத் தள்ளிவிட அத்தான் வலது கையை நீட்டினார். கை இடையில் அகப்பட்டது. மதியம் ஆகும்போதுதான் வேறொரு போட் கண்டு இழுத்து வந்தது.

சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன. நான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது அத்தான் மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, மடியில் வைத்திருந்த போனைக் கையில் தந்தாள்.

"நீ அனுப்பின போன் தம்பி. பதினொரு தரம் அடிச்சவராம். இதிலயும் போகேல்லை."

பார்த்தேன். அக்காவின் இலக்கம், ஒன்றின் கீழ் ஒன்றாக, பதினொரு தரம். அலுவலகத்தில் எங்கள் கணினியில் அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். டவரை எட்டாத கோலுக்குப் பதிவே விழாது. கடல் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்திருக்கும், மென்பொருள் தன் வேலை திறம் என்று நினைத்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கொழும்பில் இருக்கும் சக பொறியியலாளருக்குப் போன் எடுத்தேன். அந்த ஓர் அண்டெனாவை மென்பொருளிடமிருந்து விலக்கி இரண்டு பாகை நிமிர்த்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். செய்யுங்கோ என்று கத்தினேன். கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அத்தானின் விரல்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது வெறும் கால் மணித்தியால வேலை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் கூசுகிறது. கல்லடியில் மறுபடியும் கோடு விழத் தொடங்கியது. சிக்னல் வேலைக்காரத் தம்பி வந்து நின்று சிக்னலைக் கொண்டுவந்துவிட்டான் என்று கரை முழுக்கக் கதை பரவியது. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் மீனவர் சங்கத் தலைவர் முன்னால் வந்து, எங்கள் பிள்ளை ஒருவர் எங்களுக்காகப் பெரிய இடத்தில் வாதாடியிருக்கிறார் என்று நன்றி சொன்னார். கோவிலுக்குள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் அத்தான் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி இருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று மதியம் அக்கா நண்டுக் கறி வைத்தாள். தொண்டைக்குள் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

பேராசிரியையிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். தொடர்பு அறுந்துபோனவர்கள் உங்களுடைய தரவிலிருந்தும் மறைந்துவிடுகிறார்கள், அதனால் எத்தனை பேரைக் கைவிடுகிறீர்களோ அந்த அளவுக்கு உங்கள் வலையமைப்பு அழகாகத் தெரியும், நீங்கள் தீர்க்க வேண்டிய பிரச்சினையே அதுதான் என்றார். கட்டுரையை மீளப்பெற்றோம். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் அதில்தான் கிடந்தேன். பதில் இல்லாத கோலையும் ஒரு பாவனையாக, அதாவது பயன்பாடாக, எடுத்துக்கொண்டேன். முன்பு தினமும் இருந்து திடீரென்று காணாமல்போகும் புள்ளியை, போட் வராத வீடு போல, மென்பொருள் தேடும்படி செய்தேன். ஆய்வு தேறியது. ஆனால் நிறுவனம் நாடு முழுவதற்கும் தயாரிக்கிற புதுப் பதிப்பில், கடலை வளைத்த கோடு மட்டும் இல்லாமல், என்னுடைய பழைய கணக்குத்தான் ஓடப்போகிறது என்று தெரியவந்தது. கதைக்காத கோல் எப்படிப் பாவனையாகும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான் மேசையில் தட்டிக் கத்தினேன். கத்துகிறவன் சொல்வதை யார் கேட்பார்கள்? அவர்கள் திருப்பிச் சொன்னது முழுக்க ஒரு காலத்தில் நான் எழுதிய வசனங்கள்தான். புதுப் பதிப்பு வந்தால் நான் நிமிர்த்தி வைத்த அண்டெனா மறுபடியும் குனியும்.

அதன் பிறகு ஊருக்குப் போனபோது அத்தானிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அக்காவிடம் சொல்லத்தான் பயம். ஒன்பது வயது மூத்தவள், என்னைப் பற்றி ஊரில் பெருமை பேசுவதில் சலிக்காதவள். முற்பகல் நேரம், அத்தான் கரையில் போட்டின் விளிம்பில் இருந்து, மூன்று விரலும் பல்லுமாகக் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். இடது கையால் எஞ்சின் பிடித்து அவர் மறுபடியும் தொழிலுக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

"அத்தான், கல்லடியில கவரேஜ் தன்பாட்டில போகேல்லை. நான்தான் எடுத்தனான்."

புள்ளிகளைப் பற்றி, பூச்சியங்களைப் பற்றி, கட்டுரை அனுப்பக் கிடந்த இரண்டு கிழமையைப் பற்றி, கதைக்காத கோலை எண்ணாத புதுப் பதிப்பு வரப்போவதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிற்றைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"எங்கட புள்ளி எண்டு தெரிஞ்சோ அழிச்சனீ?"

"ஓம் அத்தான். தெரிஞ்சுதான்."

அவர் முடிச்சை இறுக்கி முடிக்கிற மட்டும் நான் நின்றேன். நேரம் எடுத்தது. பிறகு, அக்காவுக்குச் சொல்லாத, அவ தாங்க மாட்டா என்றார். நான் திரும்பி நடக்கத் தொடங்கியபோது பின்னால் கூப்பிட்டு, கோலை எடுத்துக் கதைத்தால் அந்தக் கணினி எண்ணுமோ என்று விசாரித்தார். எண்ணும், ஒரு செக்கன் என்றாலும் எண்ணும் என்றேன். தலையாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறைக்கு வந்திருந்தேன். காலை, அக்காவின் குசினியில் கதிரையில் இருந்தேன். ஆறு மணி நாற்பதுக்கு யன்னல் கட்டையில் போன் அடித்தது. அக்கா எட்டி எடுத்தாள். என்னவோ நடந்துவிட்டது என்று நான் எழும்பிவிட்டேன்.

"ஹலோ," என்றாள் அக்கா. கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல இருந்தது. "ஓம்," என்றாள். வைத்துவிட்டாள்.

யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டில் ஒரு போன் அடித்து, ஒரு பெண் குரல் ஹலோ, ஓம் என்றது. அதற்கு அடுத்த வீட்டிலும் ஹலோ, ஓம். ஒழுங்கை நீளத்துக்கு அப்படியே போனது. இத்தனை வருடம் செலவில்லாமல் அடித்து ஓய்ந்த கோல்களை எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்ர ஆராய்ச்சிக்குத் தேவையாமே," என்றாள் அக்கா. "அத்தான் கரை முழுக்கச் சொல்லிப்போட்டார், தம்பியின்ர படிப்புக்கு உதவி, எல்லாரும் எடுங்கோ எண்டு. உனக்கெண்டா ஒரு ஹலோ சொல்லுறது எங்களுக்குப் பெரிய விசயமோ?"

அத்தான் என்னை முழுவதுமாக மூடி மறைத்திருந்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாகிற வரைக்கும் அக்காவுக்கு நான் நல்ல தம்பி. அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருக்க ஏலாமல் போனது. சொல்லிவிட்டேன். அத்தானிடம் சொன்னதைவிட மோசமாக, குழறிக் குழறிச் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். அழித்ததைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அந்தப் போனை வாங்கி அனுப்பேக்க, அது அங்க வேலை செய்யாது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

அவள் அழவில்லை, ஏசவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்துத் தேத்தண்ணி போட்டு எனக்கு முன்னால் வைத்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, போட் வருகிற நேரம் என்று கரைக்குப் போய்விட்டாள்.

புதுப் பதிப்பு வந்துவிட்டது. அண்டெனா குனியவில்லை. ஒழுங்கையில் இருக்கிற பெண்கள் ஒவ்வொரு காலையும் சொல்கிற ஹலோவும் ஓமும் அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அந்தப் புள்ளிகளை நான் இப்போதும் அலுவலகத்தில் பார்க்கிறேன். ஒரு செக்கன், இரண்டு செக்கன், ஒரு செக்கன்.

நானும் தினமும் காலை ஏழு மணிக்குக் கொழும்பிலிருந்து அக்காவுக்குக் கோல் எடுக்கிறேன். அவள் துண்டிப்பதில்லை, எடுப்பதும் இல்லை. போனைக் கட்டையில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அது அடித்து ஓயும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம். அத்தான்தான் சொன்னார். இன்று காலையும் அடித்தேன். அலுவலகத்துக்கு வந்து என் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். காலை ஏழு மணி, திருகோணமலை, பேசிய நேரம் பூச்சியம்.